மூண்டு கிலோ இருநூறு

பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுங்கோ அண்ணை, உது பழைய வான், கொஞ்சம் இறுக்கம். ஆ, சரி. சூட்கேசைப் பின்னாலை படுக்க வைச்சிட்டன், ஆடாது. ஜக்கெற்றைக் கழட்டாதேங்கோ. ஏப்ரல் எண்டு பேர்தான், இஞ்சத்தை வெயிலை நம்பக் கூடாது.

என்ன கேட்டனீங்கள்? ஓ, அந்த மட்டையோ. றெமிஜியஸ் எண்டு பெரிசா எழுதிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஓம் ஓம், உங்கடை அண்ணி அப்பிடித்தான் சொல்லியிருப்பா. கீதன் வருவான், அவனுக்கு உங்களை வடிவாத் தெரியும், போன வருசம் இத்தாலியிலை நேரை கண்டவன் எண்டு. உங்கடை அண்ணி, எங்கடை பிலோமினா அக்கா, எனக்கும் அதைத்தான் சொன்னவ. எங்களுக்கு ஒருத்தருக்கும் றெமியின்ரை இப்பத்தை முகம் தெரியாது, நீதான் கண்டனி, நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? சரியக்கா எண்டிட்டன். பேந்து பார்த்தா மட்டையோடை நிக்கிறன். நீங்களும் ஆரடா இவன் எண்டு பாக்கிறியள். சொல்லுறன் அண்ணை. ஹொஸ்பிற்றலுக்குப் போய்ச் சேர முதல் சொல்லத்தான் வேணும், அதுக்குத்தான் அக்கான்ரை மகன் வாறன் எண்டு சொன்னவனையும் வேண்டாம் எண்டிட்டுத் தனிய வந்தனான். முதல் இந்த எயாப்போட்டை விட்டு வெளிக்கிடுவம். இந்தச் சுத்துக்குள்ளை கதைச்சா நான் மிஸிஸாகாவிலை போய்த்தான் நிப்பன்.

உங்கடை அண்ணை அமிர்தநாதர் முந்தநாளையிலும் பாக்க இப்ப நல்லம். பயப்பிடாதேங்கோ. பாரிசவாதம் அடிச்சு வலப்பக்கம் வழங்காது, கதை வராது. ஆனா காது கேக்குது, எல்லாம் விளங்குது. ஆக்களை மட்டுக் கட்டுறார், ஆர் எண்டு தெரியுது. தம்பி வாறான் எண்டு அக்கா சொன்னதுக்கு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினவராம். கோவம் எண்டு அக்கா நினைக்கிறா. கோவமில்லை அண்ணை அது. எனக்குத் தெரியும் அது என்ன எண்டு.

பொறுங்கோ, 401 இலை ஏறுவம். எப்பவும் வேலை நடக்கிற றோட்டு இது, உருட்டிக்கொண்டுதான் போகும். நல்லதுதான் ஒருவிதத்திலை.

நான் உங்கடை பக்கம் வந்தது உண்மை. அதிலை பொய்யில்லை. போன ஜூன், ஒம்பது நாள். சைக்கிள் ஓடத்தான். சிரிக்காதேங்கோ, எனக்கு நாப்பத்தெட்டு வயசு. சீனி ஏறிப்போச்சு, டொக்டர் ஓடு எண்டார், ஓட முழங்கால் விடேல்லை, சைக்கிளை எடுத்தன். நான் இருக்கிறது பிக்கரிங்கிலை. பக்கத்திலை ருவின் றிவேர்ஸ் எண்டு பள்ளத்துக்கை இறங்கி ஏறுற ஒரு றோட்டு இருக்கு. சின்ன ஏத்தம்தான், ஆனா முதல் நாள் நான் அதிலை இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனனான். தள்ளிக்கொண்டு போகேக்கை எங்கடை பொடியன் ஒருத்தன் ஏறிக்கொண்டு போறான், போற போக்கிலை கம் ஓன் அங்கிள் எண்டு சொல்லிப்போட்டுப் போறான். அந்த அங்கிள் எனக்குச் சுட்டுப்போட்டுது. அவன்தான் றொய்சன். பிறகு அவனோடையே சனிக்கிழமைகளிலை ஓடத் தொடங்கினது. நாலு வருசமா அவன்ரை பின் ரயரைப் பாத்துக்கொண்டுதான் ஓடுறன். எனக்கு அவனிலை பத்தொன்பது வயசு கூட. ஆனா ஒருக்கா எண்டாலும் ஒரு ஏத்தத்திலை அவனை முந்த வேணும் எண்டு எனக்கொரு விசர்.

அவன்தான் கண்டு பிடிச்சவன் உங்கடை இடத்தை. எல்லாரும் மேலை, அல்ப்ஸ் பக்கம்தான் ஓடப் போறவை, அங்கை சனமும் காருமாம். கீழை பசிலிகாட்டாவுக்குப் போவம், றோட்டு முழுக்க எங்களுக்குத்தான் எண்டான். அது உண்மைதான் அண்ணை. பாரியிலை பிளேனாலை இறங்கி, மத்தேராவிலை சைக்கிளைப் பூட்டி ஓடத் தொடங்கினம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கார் வந்தாப் பெரிய விசயம். அதுவும் சின்னக் கார், கோன் அடிச்சுக் கையும் காட்டிக்கொண்டு போகும். இஞ்சை கிங்ஸ்ரன் றோட்டிலை ஓடினா ட்ரக்குக்காரன் தோளை உரசிக்கொண்டெல்லோ போறவன். அங்கை காத்துச் சத்தமும் செயின் சத்தமும்தான். கோதுமை வெட்டுற நேரம். ஒரு மலையிலை இருந்து பாத்தா மற்ற மலை, அதுக்குப் பின்னாலை இன்னொரு மலை, எல்லாம் வெந்த நிறம். றோட்டுக் கரை முழுக்கப் பத்தை பத்தையா ஒரு மஞ்சள் பூ, வாசம் எண்டா அப்பிடி வாசம். என்ன பேர்? ஜினெஸ்த்ரா. ஓம், அதுதான், ஒரு கிழவன் சொன்னவர், மறந்து போனன்.

மண் சரிஞ்சு றோட்டு மூடியிருக்கு எண்டு அறிவிப்புப் பலகை போட்டிருக்கும். அது காருக்குத்தான். நாங்கள் சைக்கிளைத் தோளிலை போட்டுக்கொண்டு மண்ணைத் தாண்டி அங்காலை போய் ஏறுவம். அங்காலை பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு வாகனமும் வராது, ஆடுகள் நடு றோட்டிலை படுத்திருக்கும். அந்தப் பெரிய வெள்ளை நாயள் வரும் பாருங்கோ, அதுகளைக் கண்டா நான் சைக்கிளைக் குறுக்கை பிடிச்சுக்கொண்டு நிப்பன். மற்றது, ஊரெல்லாம் மலை உச்சியிலை. ஆர் அப்பிடிக் கட்டினது? நாள் முழுக்க ஓடிச் செத்து வந்து, ஒரு கோப்பி குடிக்கிறதெண்டா இன்னும் ஏழு கிலோமீற்றர் ஏறவேணும். ஏறிப் போனா கடை பூட்டு. அஞ்சு மணிக்குத்தான் திறப்பினமாம். பாருங்கோ, நீங்கள் சிரிக்கிறியள். உங்களுக்குப் பழகிப்போச்சு.

சீ. நான் பாருங்கோ, இப்பவும் அந்த றோட்டைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா வாய் மூடாது. அந்த ஒம்பது நாளும் சந்தோசமா இருந்தனான் எண்டதே இப்ப வெக்கமாக் கிடக்கு.

ஏன் வீட்டை வரேல்லை எண்டோ? ஓம். கேப்பியள் எண்டு தெரியும்.

உங்கடை அண்ணைக்கு நான் போறது எப்பிடித் தெரியும் எண்டா, பிலோமினா அக்காவைக் கடையிலை கண்டு நான்தான் சொன்னனான். நான் கனடாவுக்கு வந்த புதுசிலை டோர்செட் பார்க்கிலை அவை இருக்கிற மாடிக் கட்டிடத்திலை, அதே ஃப்ளோரிலைதான் இருந்தனான். மூண்டு மாசம் எனக்கு இராச்சாப்பாடு அவையின்ரை வீட்டிலை. அமிர்தநாதர் அண்ணை வேலையாலை வந்து, கீதன் சாப்பிட்டிட்டானோ எண்டு கேட்டிட்டுத்தான் தான் சோத்துக் கோப்பையிலை கை வைப்பார். அப்பிடிப்பட்ட மனுசன். நான் இத்தாலி எண்டதும் அக்கா, எந்தப் பக்கம் எண்டு கேட்டா. சொன்னன். அடுத்த நாள் அண்ணை கோல் எடுத்தார். பாசல் ஒண்டு இருக்கு, வந்து எடு எண்டார்.

உங்களுக்குத் தெரியும்தானே எங்கடை ஆக்களை. ஒருத்தர் பிளேன் ஏறுறார் எண்டா அவரோடை நாலு பேரின்ரை பாசலும் ஏறும். லண்டனுக்குப் போனாக் கறித்தூள், பாரிசுக்குப் போனாச் சீலை. வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது, சொன்னா உறவு முடிஞ்சுது. நான் சொன்னனான் அண்ணை, நான் சைக்கிளிலை போறன், சாமான் எல்லாம் சைக்கிளிலைதான் கட்டுறது, இடமில்லை எண்டு. அவர் நினைச்சது நான் எங்கையோ வீட்டிலை நிண்டு பின்னேரத்திலை சைக்கிள் ஓடுறன் எண்டு. அது ஒண்டும் பாரமில்லையடா எண்டார்.

மூண்டு கிலோ இருநூறு கிராம். வீட்டை கொண்டு வந்து நிறுத்துப் பாத்தனான். என்ன இருந்ததோ? அக்கா கட்டேக்கை கண்டது, கூழ் காய்ச்ச ஒடியல் மா இருந்தது, அக்கா தன்ரை கையாலை வறுத்த தூள் இருந்தது, வேறை என்னவோ துணியிலை சுத்தி இருந்தது. பிரிச்சுப் பாக்கேல்லை நான். மேலை உங்கடை பேரும் ஊரும் ரெலிபோன் நம்பரும் மார்க்கராலை எழுதி, ரேப் சுத்தி. நம்பர் அக்கா எங்கையோ விசாரிச்சு எடுத்தது. முதலே சொல்லாதை, சொன்னா வேண்டாம் எண்டு போடுவான், நேரை போய்க் கையிலை குடு எண்டு அண்ணை சொன்னவர்.

இனி உங்களுக்கு விளங்கப்படுத்தவேணும் இந்தச் சைக்கிள் விசரை. நாங்கள் பல்லுத் தீட்டுற பிரஷ்ஷை அரைவாசியா வெட்டிக் கொண்டு போற ஆக்கள். உண்மையாத்தான். பாரம் குறையுமாம். றொய்சன் வெட்டினவன், நானும் வெட்டினனான். ரெண்டு சேட், ஒரு காற்சட்டை, அதை ஒவ்வொரு இரவும் தோய்ச்சுக் காயப் போடுறது. அதிலை இந்தப் பாசல். சீற்றுக்குப் பின்னாலை கட்டினா ஏத்தத்திலை சைக்கிள் ஆடும். றொய்சன் ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துச் சிரிப்பான். அங்கிள், கறிக் கடை எப்ப திறக்கிறியள் எண்டு கேப்பான். நானும் சிரிப்பன். வெயிலுக்குத் தூள் மணக்கும், சேட் முழுக்க மணக்கும். மூண்டு நாள் ஒவ்வொரு ஏத்தத்திலையும் அவன் மேலை போய் நிழலிலை இருந்து அப்பிள் சாப்பிடுவான், நான் பின்னாலை நாக்குத் தள்ள வருவன். இந்தப் பாசலாலைதான் எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொள்ளுவன். அது இல்லாட்டியும் பின்னுக்குத்தான் வந்திருப்பன், ஆனா அது ஒரு சாட்டு.

நாலாம் நாள். உங்கடை ஊருக்குப் பிரியிற சந்தி. வலப்பக்கம் பதினொரு கிலோமீற்றர் ஏறினா உங்கடை ஊர், நேரை போனா மற்ற மலையைத் தாண்டி நாங்கள் தங்கிற இடம். கீழை நிண்டு பாத்தனான் அண்ணை உங்கடை ஊரை. உச்சியிலை வீடுகள் ஒண்டிலை ஒண்டு சாஞ்சு நிக்குது, ஒரு மணிக்கோபுரம். அந்தச் சந்தியிலை மாதாவுக்கு ஒரு சின்னக் கூடு இருக்கு, உள்ளுக்கை பிளாஸ்ரிக் பூ, எரியாத லைற். தெரியும்தானே, தெரியும், நீங்கள் ஒவ்வொரு நாளும் அதாலைதானே போவியள்.

றொய்சன் சொன்னான், நீங்கள் போய்க் குடுத்திட்டு வாங்கோ அங்கிள், நான் மெல்லமா ஏறுறன் எண்டு. சொல்லிப்போட்டுப் போட்டான். நான் நிண்டன். பதினொண்டு ஏறி, பதினொண்டு இறங்கி, பிறகு மற்ற மலை. அவன் மேலை போய் எத்தினை அப்பிள் சாப்பிடுவான். நல்ல வெயில். நான்... பாசலைக் கழட்டினன். களைப்புக்கு ஒருக்காக் கழட்டி வைப்பம் எண்டுதான் கழட்டினது, சத்தியமா. கழட்டிப்போட்டுச் சைக்கிளை ஒரு கையாலை தூக்கிப் பாத்தன். அப்பிடி லேசு. அந்த லேசுதான் என்னைக் கெடுத்தது. பாசலைக் கொண்டுபோய் மாதாவின்ரை கூட்டுக்குள்ளை, பூவுக்குப் பின்னாலை நிழலா வைச்சன். வைச்சுக் கும்பிட்டும் விட்டன். நான் வேதக்காரன் இல்லை, எண்டாலும் கும்பிட்டன். பேர் இருக்கு, நம்பர் இருக்கு, ஆரும் கண்டா எடுத்துச் சொல்லுவினம் எண்டு நினைச்சன்.

ஒருத்தரும் உங்களுக்குக் கோல் எடுக்கேல்லையோ.

ம்.

கோல் அடிச்சிருக்கலாம். ஓம். என்ன, உங்களிட்டை அந்த மூண்டு சில்லு வண்டி இருக்கோ? கால் மணித்தியாலத்திலை இறங்கி வந்திருப்பியளோ? அப்பிடியோ. ஒரு கோல். கையிலை போன் இருந்தது, பாசலிலை நம்பர் இருந்தது. அடிச்சா நீங்கள் வருவியள், வீட்டை வா எண்டுவியள், சாப்பிடாமல் விட மாட்டியள், அரை நாள் போயிடும் எண்டு நினைச்சன். அதைத்தான் நினைச்சன் அண்ணை. ஒரு மனுசன் எனக்குச் சோறு போட்டிடுவான் எண்டு பயந்தனான். அதுவும் அமிர்தநாதர் அண்ணையின்ரை தம்பி.

அந்த மலையிலை நான் றொய்சனை முந்தினன். நாலு நிமிசம் முன்னுக்குப் போய்ச் சேர்ந்தன். அவன் என்னைத் தட்டிக் குடுத்து, அங்கிள் வேறை லெவல் எண்டான். படம் எடுத்துப் போட்டவன், நூற்றிருபது பேர் லைக் போட்டவை. அதிலை அமிர்தநாதர் அண்ணையின்ரை மகனும் ஒருத்தன்.

இல்லை, திரும்பி அந்தச் சந்திக்குப் போகேல்லை. போயிருக்கலாம், போகேல்லை.

என்னை ஏசுங்கோ அண்ணை. யன்னலைப் பாத்துக்கொண்டிராமல் ரெண்டு வார்த்தை பேசுங்கோ, எனக்கு லேசாயிருக்கும். லேசு. அந்தச் சொல்லே இப்ப என்ரை வாயிலை வரக் கூடாது.

கென்னடிக்கு வந்திட்டம். இதிலை இறங்கினா அவையின்ரை வீடு. நாங்கள் இன்னும் கொஞ்சம் போகவேணும்.

இஞ்சை வந்திறங்கி மூண்டாம் நாள் அண்ணையின்ரை கோல். நான் வாறன் எண்டன். அவர் வீட்டுக்குள்ளை இருக்கேல்லை, கீழை லொபியிலை வந்து நிக்கிறார், சேட்டெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு. குடுத்தனியோ எண்டார். குடுத்தனான் எண்டன். கையிலையோ எண்டார். கையிலைதான் அண்ணை எண்டன். எப்பிடி இருக்கிறான் எண்டார். சுகமா இருக்கிறார், கொஞ்சம் மெலிவு எண்டன். ஏன் மெலிவு எண்டு சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. பிறகு, என்ன சொன்னவன் எண்டு கேட்டார். ஒண்டும் சொல்லேல்லை எண்டன்.

நான் வேணுமெண்டு சொல்லேல்லை அண்ணை. அந்த நேரத்திலை என்ரை புத்தி வேலை செய்தது எப்பிடி எண்டா, பொய்யைச் சின்னனா வைச்சிருப்பம் எண்டு. சந்தோசப்பட்டவர், அழுதவர் எண்டு உங்கடை வாயிலை கதையை வைக்கிறது பெரிய பாவம் எண்டு நினைச்சன். ஒண்டும் சொல்லேல்லை எண்டா அது பாதி உண்மைதானே, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லைத்தானே. அவர் ஒண்டுமே இல்லையோ எண்டு இன்னொருக்காக் கேட்டார். இல்லை எண்டன். சரி, நீ களைச்சுப் போய் வந்திருப்பாய், போய்ப் படு எண்டிட்டு லிஃப்ருக்குள்ளை போயிட்டார். மேலை வந்து தேத்தண்ணி குடி எண்டு சொல்லேல்லை. அந்த வீட்டிலை என்னை அப்பிடி ஒருக்காலும் அனுப்பினதில்லை.

அதுக்குப் பிறகு பத்து மாசம். றெமிக்கு ஒருக்கா எடுத்துப் பாப்பமே எண்டு அக்கா கேட்டிருக்கிறா. நான் செய்யவேண்டியதைச் செய்திட்டன், இனி அவன்தான் எடுக்கவேணும் எண்டவராம். போனைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளையே வைச்சுக்கொண்டு திரிஞ்சவராம், குளிக்கப் போனாலும் வாசல்லை வைச்சிட்டுப் போவாராம். இதெல்லாம் அக்கா எனக்குச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தனான். ஒருக்கா எண்டாலும் வாயைத் திறந்தனோ? அங்கை நீங்கள் ஒண்டும் தெரியாமல் இருந்திருக்கிறியள். இஞ்சை அவர் தம்பிக்கு மனசு இளகேல்லை எண்டு இருந்திருக்கிறார். நடுவிலை நான் சனிக்கிழமை தவறாமல் சைக்கிள் ஓடிக்கொண்டு திரிஞ்சனான். போன கிழமை அவர் விழுந்தவுடனை அக்கா எனக்குத்தான் முதல் கோல் எடுத்தவ.

உங்கடை கோவம் என்ன எண்டும் எனக்குத் தெரியும், அக்கா சொன்னவ. அம்மான்ரை செத்தவீடு. உங்களுக்கு அப்ப விசாப் பேப்பர் இல்லை, இத்தாலியை விட்டு வெளிக்கிட்டாத் திரும்பி உள்ளுக்கை வர ஏலாது. அண்ணை இஞ்சையிருந்து ஊருக்குப் போனவர், உங்களை வா எண்டவர், நீங்கள் வர ஏலாது எண்டனீங்கள். உனக்கு இனி அம்மாவும் இல்லை அண்ணனும் இல்லை எண்டு சொல்லிப் போனை வைச்சவர். பதினாலு வருசம். என்ன? பதினைஞ்சோ. நீங்கள்தானே எண்ணியிருப்பியள்.

வந்திட்டம். உதுதான் ஹொஸ்பிற்றல். பார்க்கிங்கிலை விடுறன். நாலாம் மாடி, லிஃப்ராலை இறங்கி இடப்பக்கம். அக்கா வாசல்லை நிப்பா. நான் உங்களோடை வரட்டோ, வேண்டாமோ, நீங்கள் சொல்லுறபடி. வந்தா அண்ணைக்கும் அக்காவுக்கும் முன்னாலை நானே சொல்லுறன். வேண்டாம் எண்டா இதுக்குள்ளை இருக்கிறன். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, அவருக்கு எல்லாம் விளங்கும்.

கதவைத் திறக்காதேங்கோ, ஒரு நிமிசம். இன்னும் ஒண்டு இருக்கு.

அந்தப் பாசலைத் தபாலிலை போட்டிருக்கலாம்தானே எண்டு நீங்கள் நினைக்கேல்லையோ? நான் நினைச்சனான். பாசலை எடுக்கப் போன அண்டைக்கு உங்கடை அண்ணையிட்டைக் கேட்டும் விட்டன். நான் பாசலைக் காருக்குள்ளை வைச்சு ஸ்ராட் பண்ணினாப் பிறகு, அண்ணை செருப்போடை வெளியிலை ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினன். தம்பியிட்டைச் சொல்லு, பேப்பர் இல்லாதவனை வா எண்டு கேட்டது என்ரை பிழை, என்னை மன்னிக்கச் சொல்லு எண்டார். எழுத எனக்கு வருகுதில்லை, நீ வாயாலை சொல்லு எண்டார். அதுக்குத்தான் அண்ணை அந்தப் பாசல். நான் திரும்பி வந்த அண்டைக்கு லொபியிலை அதையும் கேட்டவர், நான் சொன்னதைச் சொன்னனியோ எண்டு. சொன்னனான் எண்டன். அதுக்குப் பிறகுதான் கேட்டவர், அவன் என்ன சொன்னவன் எண்டு.